வன்னிச் சிறுதொழிலுக்கு வட்ஸ்அப்பும் பேஸ்புக்கும்: முதல் படத்திலிருந்து முறைப்பாடு வரை

முல்லைத்தீவுக் கருவாடு, முறிகண்டிக் கச்சான், பனங்கட்டி, ஒடியல் மா, காட்டுத் தேன், எருமைத் தயிர், மொட்டைக்கறுப்பன் அரிசி என்று வன்னியில் விற்கப் பொருளுக்குக் குறைவில்லை. தையல், கேக், மணவறைச் சோடனை, தண்ணீர்ப் பம்பி திருத்துவது என்று கைவேலை தெரிந்தவர்களும் நிறையப் பேர். வாங்குகிறவர்தான் தூரத்தில் இருக்கிறார். துணுக்காயில் தைப்பவருக்கு வவுனியாவில் ஆள் தேவை, புதுக்குடியிருப்பில் மிளகாய்த்தூள் இடிப்பவருக்குக் கொழும்பில் ஆள் தேவை. போனில் படம் அனுப்பத் தெரியும், ஆனால் அதை வைத்து வியாபாரம் செய்து பழக்கமில்லை என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பக்கம் திறப்பது பத்து நிமிட வேலை. கேட்டவருக்கு அன்றைக்கே பதில் சொல்வதுதான் நாள்தோறும் செய்ய வேண்டிய வேலை. அழகான படங்கள் போட்டு, அதன் கீழே “என்ன விலை?”, “கிளிநொச்சிக்கு அனுப்புவீங்களா?” என்று பத்துப் பேர் கேட்டும் ஒருவருக்கும் பதில் இல்லாமல் கிடக்கிற எத்தனையோ பக்கங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கேட்டவர் திரும்பி வரமாட்டார். அதனால் கீழே சொல்லும் எல்லாவற்றையும் ஒரு கேள்வியோடு சேர்த்துப் படியுங்கள்: இதற்குப் பதில் சொல்ல வீட்டில் யார் இருக்கிறார்?

எதில் தொடங்குவது

எல்லாவற்றிலும் ஒரே நாளில் கணக்குத் திறக்க வேண்டாம். முதல் மாதம் வட்ஸ்அப் பிஸ்னஸ் மட்டும் போதும். ஊரில் வயதானவர்கள்கூட வட்ஸ்அப்பில் இருக்கிறார்கள், குரல் பதிவு அனுப்பத் தெரிந்தால் எழுதத் தெரிய வேண்டியதில்லை, டேட்டாவும் குறைவாகவே போகும். அது கைக்கு வந்தபின் பேஸ்புக் பக்கம். உங்களைத் தெரியாத ஆள் உங்களைக் கண்டுபிடிக்கிற இடம் அது. வீடியோ எடுக்க ஆசையும் நேரமும் உள்ள பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால் மூன்றாவதாக டிக்டொக். இன்ஸ்டகிராம் கேக், பிளவுஸ், மருதாணி, மணமகள் அலங்காரம் போன்ற கண்ணால் பார்த்து வாங்கும் தொழில்களுக்கு நல்லது. நெல், அரிசி, கருவாடு விற்பவர் அதை விட்டுவிடலாம்.

வட்ஸ்அப் பிஸ்னஸ்

இது சாதாரண வட்ஸ்அப்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளக்கூடிய வேறு செயலி, இலவசம். ஒரே இலக்கத்தை இரண்டு செயலியிலும் ஒரே நேரத்தில் பாவிக்க முடியாது. ஆகவே தொழிலுக்கென்று இன்னொரு சிம் எடுங்கள். இரண்டு சிம் போடும் போன் என்றால் இரண்டு செயலியும் அதே போனில் ஓடும். புது சிம் வேண்டாம், பழைய இலக்கமே எல்லோருக்கும் தெரியும் என்றால் அதையே மாற்றலாம், பழைய உரையாடல்களும் கூட வரும். ஆனால் குடும்பச் செய்தியும் வியாபாரச் செய்தியும் ஒன்றாகக் கலந்துபோகும். இரவு பத்து மணிக்கு வாடிக்கையாளர் எடுக்கும் அழைப்பு நேராக உங்கள் சொந்த போனுக்கு வரும். தனி இலக்கம்தான் என் விருப்பம்.

செயலி திறந்ததும் தொழில் விபரத்தை நிரப்புங்கள். பெயரை, கடைப் பலகையில் எழுதுவதுபோல் பொருளும் ஊரும் தெரியும்படி வையுங்கள். “அம்மன் ஸ்டோர்ஸ்” என்று வைத்தால் வடக்கில் நூறு அம்மன் ஸ்டோர்ஸ் இருக்கும். “அம்மன் பனைப்பொருட்கள், மாங்குளம்” என்றால் தேடுகிறவருக்குப் புரியும். முகவரியில் அடையாளம் சொல்லுங்கள்: எந்தச் சந்தி, எந்தப் பாடசாலைக்குப் பக்கம், ஏ9 வீதியிலிருந்து எவ்வளவு உள்ளே. கடை என்று ஓர் இடம் இருந்தால் கூகுள் மேப்பிலும் பதிந்துவிடுங்கள். வன்னியில் பல ஒழுங்கைகளுக்குப் பெயர்ப்பலகையே இல்லை. கூரியர்காரருக்கு ஒரு லொக்கேஷன் அனுப்பினால் அரைமணிநேர அழைப்புகள் மிச்சம்.

அடுத்து பொருட்பட்டியல். செயலிக்குள்ளேயே ஒவ்வொரு பொருளுக்கும் படம், பெயர், அளவு, விலை போட்டு வைக்கலாம். 500 பொருள்வரை இடம் இருக்கிறது, உங்களுக்குப் பத்து போதும். “என்னென்ன இருக்கு?” என்று கேட்பவருக்குப் பட்டியலை ஒரே தட்டில் அனுப்பிவிடலாம்.

பிறகு மூன்று தானியங்கி வசதிகள். முதல் தடவை எழுதுபவருக்குத் தானாகப் போகும் வரவேற்புச் செய்தி, நீங்கள் இல்லாத நேரத்தில் போகும் செய்தி, அடிக்கடி சொல்லும் பதில்களைச் சேமித்து வைக்கும் விரைவுப் பதில். மூன்றிலும் விரைவுப் பதில்தான் உண்மையில் கைகொடுக்கும். விலை, டெலிவரிக் கட்டணம், வங்கிக் கணக்கு, கடைக்கு வரும் வழி ஆகிய நான்கையும் எழுதிச் சேமித்துவிட்டால், சாய்கோட்டை (/) அழுத்திச் சுருக்கப் பெயரைத் தட்டியவுடன் முழுச் செய்தியும் வந்துவிடும். வங்கிக் கணக்கு இலக்கத்தை ஒவ்வொரு தடவையும் கையால் அடிப்பது ஆபத்து. ஓர் இலக்கம் பிழைத்தால் காசு யாருடைய கணக்குக்கோ போய்விடும்.

இல்லாத நேரச் செய்தியில் உண்மையான நேரத்தைச் சொல்லுங்கள். “விரைவில் தொடர்புகொள்வோம்” என்பதில் ஒன்றுமில்லை. “இப்போது வயலில் நிற்கிறோம். பின்னேரம் 4 மணிக்குப் பிறகு கட்டாயம் பதில் தருவோம்” என்று எழுதினால் ஆள் காத்திருப்பார். நாலு மணிக்குப் பதிலும் போக வேண்டும்.

தொழில் இலக்கத்தின் கியூஆர் படத்தைச் செயலியிலேயே எடுக்கலாம். அதை அச்சடித்துக் கடை மேசையிலும் பொதியிலும் ஒட்டுங்கள். தேன் போத்தல் முடியும்போது திரும்பக் கேட்க வேண்டிய இலக்கம் அந்தப் போத்தலிலேயே இருக்க வேண்டும். ஒரே கணக்கை இன்னும் நான்கு கருவிகளில் இணைக்கவும் முடியும். அம்மா பொருள் செய்ய, மகள் தன் போனிலோ கணினியிலோ பதில் எழுதலாம்.

ஒலிபரப்புப் பட்டியல் என்று ஒன்று இருக்கிறது. 256 பேருக்குவரை ஒரே செய்தியைத் தனித்தனியாக அனுப்பலாம், ஆனால் உங்கள் இலக்கத்தைத் தன் போனில் சேமித்தவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். அதனால் முதல் ஓடர் கொடுக்கும்போதே “இலக்கத்தைச் சேமித்து வையுங்கோ” என்று கேளுங்கள். கிழமைக்கு ஒரு தடவைக்கு மேல் அனுப்ப வேண்டாம். கேட்காத ஆட்களைக் குரூப்பில் சேர்ப்பது அதைவிடக் கேடு. ஸ்டேட்டஸ் 24 மணிநேரம் இருந்துவிட்டுப் போய்விடும், யாருக்கும் தொல்லை இல்லை. அதைத் தினமும் போடலாம்.

பேஸ்புக் பக்கம்

சொந்தக் கணக்கிலேயே விற்கப் பார்க்காமல் தனிப் பக்கம் திறவுங்கள். சொந்தக் கணக்கில் 5,000 நண்பர்களுக்கு மேல் சேர்க்க முடியாது, பிள்ளைகளின் பிறந்தநாள் படமும் கருவாட்டு விலையும் ஒரே இடத்தில் கிடக்கும். பக்கத்துக்கு அந்த வரம்பு இல்லை. திறந்ததும் நம்பிக்கையான இன்னொருவரை நிர்வாகியாகச் சேர்த்துவிடுங்கள். போன் கிணற்றில் விழுந்தால், கணக்குப் பறிபோனால், மற்றவர் கையில் சாவி இருக்கும். ஆனால் பக்கத்தைத் திறந்து தந்த தம்பியின் கணக்கில் மட்டும் அதை வைத்திருக்காதீர்கள். அவர் வெளிநாடு போனால் பக்கமும் அவரோடு போய்விடும்.

பக்கத்தில் “செய்தி அனுப்பு” பொத்தானை வட்ஸ்அப்புக்கு இணையுங்கள். அப்போது மெசெஞ்சர், வட்ஸ்அப் என்று இரண்டு இடத்தில் ஓடித் திரிவது குறையும். பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் நடத்தும் மெட்டா நிறுவனத்தின் மெட்டா பிஸ்னஸ் சூட் என்ற இலவசச் செயலியில் ஒரு கிழமைக்கான பதிவுகளை ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதி, நாளும் நேரமும் குறித்து வைக்கலாம். கரண்ட் இல்லாத நாளிலும் பதிவு போகும்.

உள்ளூர் வாங்கல் விற்றல் குரூப்களில் சேர்ந்து அங்கேயும் பகிருங்கள், ஒவ்வொரு குரூப்பின் விதியையும் படித்துவிட்டு. ஆடு, மாடு, கோழி போன்ற உயிருள்ள விலங்குகளை விற்க, பேஸ்புக்கின் வாங்கல் விற்றல் பகுதியான மார்க்கெட்பிளேஸ் அனுமதிப்பதில்லை, மதுவும் புகையிலையும் அப்படியே. பதிவு திரும்பத் திரும்ப நீக்கப்பட்டால் முழுக் கணக்குக்கும் தடை வரலாம். மான், மரை இறைச்சி பற்றிப் பேச்சே வேண்டாம். அது நாட்டுச் சட்டப்படியே குற்றம்.

படம்

விலை உயர்ந்த போன் தேவையில்லை. கமரா கண்ணாடியை மெல்லிய துணியால் துடையுங்கள். செம்மண் தூசியும் கை எண்ணெயும் படிந்த கண்ணாடிதான் பாதிப் படங்களைக் கெடுக்கிறது. காலை ஒன்பது மணிக்கு முன், அல்லது பின்னேரம் நாலுக்குப் பிறகு, விறாந்தையில் வெளிச்சம் பக்கவாட்டில் விழும் இடத்தில் பொருளை வையுங்கள். உச்சி வெயிலில் எடுத்தால் தேன் கறுப்பாகத் தெரியும், வெள்ளைச் சட்டை வெளிறிப்போகும். பின்னால் பழைய வேட்டி ஒன்றை விரித்தால் போதும். பனங்கட்டிக்கும் ஒடியலுக்கும் பனையோலைப் பாயே நல்ல பின்னணி.

அளவு தெரியப் பக்கத்தில் ஒரு கை, ஒரு கரண்டி, ஒரு தேங்காய் என்று ஏதாவது வையுங்கள். ஒரு பொருளுக்கு மூன்று படம் எடுங்கள்: முழுப்பொருள், கிட்டத்தில், பொதி செய்தபின். மூன்றாவதை எல்லோரும் மறக்கிறார்கள். தூரத்தில் இருந்து கருவாடு வாங்குகிறவருக்கு முதல் பயம் மணம் வெளியே வருமா, பஸ்ஸில் கசியுமா என்பதுதான். பொதியைப் பார்த்தால் பாதிப் பயம் போய்விடும்.

இணையத்தில் கிடைத்த படத்தைப் போடவே கூடாது. இந்தியப் பிளவுஸ் படத்தைப் போட்டுவிட்டு வேறொன்றைத் தைத்துக் கொடுத்தால், அந்த ஒரு வாடிக்கையாளர் ஊர் முழுக்கச் சொல்வார். உங்கள் கை வேலையின் படம் சுமாராக இருந்தாலும் அதுவே போகட்டும்.

வீடியோவுக்கு நடிப்பு வேண்டாம். பனங்கட்டிப் பாகு கொதிக்கிறது, ஓலைக் குட்டானில் ஊற்றுகிறார்கள், ஆறியபின் எடுக்கிறார்கள். இதை முப்பது வினாடிக்கு எடுத்து, உங்கள் குரலிலேயே என்ன நடக்கிறது என்று சொன்னால் போதும். சினிமாப் பாட்டைப் பின்னால் போட்டால் உரிமைப் பிரச்சினையில் சத்தம் அடைக்கப்படலாம். டிக்டொக்கின் தொழில் கணக்குகளுக்கு அந்தப் பாட்டுகளில் பெரும்பாலானவை கிடைப்பதும் இல்லை. வெளிநாட்டில் இருக்கிற எங்கள் சனத்துக்கு அடுப்படிச் சத்தமும் ஊர்ப் பேச்சும் எந்தப் பாட்டையும்விட மேல்.

எழுத்தும் விலையும்

ஒவ்வொரு பதிவிலும் பொருள், அளவு, விலை, எங்கே கிடைக்கும், எப்படி அனுப்புவீர்கள், இலக்கம் ஆகிய ஆறும் இருக்க வேண்டும். மாதிரிக்கு ஒன்று:

“வீட்டில் வறுத்து இடித்த யாழ்ப்பாண முறை மிளகாய்த்தூள். 500 கிராம் 1,200 ரூபா. விசுவமடுச் சந்தியில் நேரே எடுக்கலாம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாவுக்குக் கூரியர். இந்தக் கிழமை வியாழக்கிழமை இடிக்கிறோம், புதன் இரவுக்குள் ஓடர் தாருங்கள். வட்ஸ்அப்: (உங்கள் இலக்கம்).”

விலையை மறைத்து “இன்பொக்ஸ் வாங்கோ” என்று எழுதும் பழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். ஆளைப் பார்த்து விலை சொல்கிறார்கள் என்றுதான் வாங்குகிறவர் நினைப்பார். வெட்கப்பட்டுக் கேட்காமலே போகிறவர்கள் கேட்டவர்களைவிட அதிகம். போட்டிக்காரர் பார்த்துவிடுவார் என்று பயந்தால், அவர் இன்பொக்ஸில் வந்தும் கேட்கலாம்தானே. பிளவுஸ், கேக் போல ஆளுக்கு ஆள் மாறும் வேலை என்றால் “1,500 ரூபாவிலிருந்து” என்று தொடக்க விலையாவது போடுங்கள்.

வவுனியாவில் சிங்களம் பேசும் வாடிக்கையாளர்களும் இருக்கிறார்கள். பொருளின் பெயரையும் விலையையும் சிங்களத்தில் இரண்டு வரி சேர்த்தால் நல்லது. மொழிபெயர்ப்புச் செயலியை நம்பிப் போடாமல் சிங்களம் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள்.

தேன் நீரிழிவைக் குணமாக்கும், முருங்கையிலைத் தூள் பிரஷரை இறக்கும் என்றெல்லாம் எழுத வேண்டாம். ஒருவர் அதை நம்பி மருந்தை நிறுத்திவிட்டால் அந்தப் பாரம் உங்களுடையது.

எப்போது போடுவது என்பதற்கு ஊர் நாட்காட்டியைப் பாருங்கள். காலபோக நெல் வெட்டி முடியும் மாசி, பங்குனியில் கையில் காசு இருக்கும்: தையல் மெஷின், கதவு, தளபாடம், நகைப் பெட்டி விற்பவர்கள் அப்போது முன்னுக்கு நிற்க வேண்டும். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல், ஆகஸ்ட் 15 மடுத் திருவிழா, தீபாவளி, நத்தார், தைப்பொங்கல் ஒவ்வொன்றுக்கும் மூன்று கிழமைக்கு முன்பே ஓடர் எடுக்கத் தொடங்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வீதிகள் வெள்ளத்தில் மறிபடும். அந்த மாதங்களில் டெலிவரிக்கு இரண்டு மூன்று நாள் கூட்டிச் சொல்லுங்கள்.

பதில் சொல்வது

கட்டுரையின் நடு இதுதான். ஒரு நாளில் இரண்டு நேரம் ஒதுக்குங்கள், காலையில் அரைமணி, இரவில் அரைமணி. அந்த நேரத்தில் வட்ஸ்அப், மெசெஞ்சர், பக்கத்துக் கொமென்ட் மூன்றையும் ஒரு ஒழுங்கில் பார்த்து முடிக்க வேண்டும். மற்ற நேரத்தில் போன் கத்தினாலும் வேலையைக் கவனியுங்கள்.

கேள்விக்குப் பதில் சொல்லும்போது அடுத்த கேள்விக்கும் சேர்த்துச் சொல்லுங்கள். “அக்கா, தேன் இருக்கா?” என்று ஒருவர் கேட்டால் “இருக்கு” என்று மட்டும் எழுதினால் இன்னும் ஐந்து செய்தி ஓடும். “வணக்கம் தம்பி. இருக்கு. 750 மில்லிலீற்றர் போத்தல் இவ்வளவு, பாதிப் போத்தல் இவ்வளவு. நீங்கள் எந்த ஊர்? சொன்னால் அனுப்பும் கூலியையும் சேர்த்துச் சொல்கிறேன்” என்று எழுதினால் அடுத்த செய்தியிலேயே ஓடர் வரும். ஆள் யாரென்று தெரியாதபோது அண்ணா, அக்கா போட்டுப் பேசுவது தவறில்லை. சந்தேகம் என்றால் வெறும் “வணக்கம், நீங்கள்” போதும். வயதானவர் குரல் பதிவில் கேட்டால் குரலிலேயே பதில் சொல்லுங்கள், ஆனால் விலையையும் திகதியையும் எழுத்திலும் அனுப்பி வையுங்கள். பிறகு “நீங்கள் சொன்னது இப்படியல்ல” என்ற பேச்சுக்கு இடம் வராது.

பொருள் இல்லையென்றால் இல்லையென்று சொல்லுங்கள். “பார்ப்போம்”, “நாளைக்குச் சொல்கிறேன்” என்று இழுப்பது மரியாதை என்று எங்களில் பலர் நினைக்கிறார்கள். வாங்க வந்தவருக்கு அது நேர விரயம். “தேன் இப்போது முடிந்துவிட்டது. வந்தவுடன் அறிவிக்கட்டுமா?” என்று கேட்டு, ஆம் என்றவரை ஒரு லேபலில் சேர்த்து வையுங்கள். வட்ஸ்அப் பிஸ்னஸில் “புது ஓடர்”, “காசு வரவேண்டும்”, “அனுப்பியாச்சு”, “காத்திருக்கிறார்” என்று நிறத்தோடு லேபல் போடலாம்.

ஓடர் உறுதியானதும் எல்லாவற்றையும் ஒரே செய்தியில் திருப்பி எழுதி “சரியா?” என்று கேளுங்கள்: பொருள், அளவு, நிறம், மொத்தக் காசு, முகவரி, வரும் நாள். கேக்கில் எழுதும் பெயரை எழுத்துக்கு எழுத்து கேட்டு வாங்குங்கள். தையலுக்கு அளவுகளை அனுப்பச் சொன்னால், அங்குலமா சென்ரிமீற்றரா என்று கேளுங்கள்.

வெளிநாட்டு ஓடர்கள் தனி வகை. கனடாவிலோ லண்டனிலோ இருக்கிற பிள்ளை, பரந்தனில் இருக்கிற அம்மாவுக்குப் பிறந்தநாள் கேக்கும் சேலையும் அனுப்பச் சொல்லும். பொருளும் ஊருக்குள்ளேயே போகிறது, காசும் முன்கூட்டியே வருகிறது, நல்ல வியாபாரம். நேர வித்தியாசத்தை மனதில் வையுங்கள். டொரன்டோ எங்களைவிட கோடையில் ஒன்பதரை மணிநேரமும் குளிர்காலத்தில் பத்தரை மணிநேரமும் பின்னால் நிற்கிறது. அங்கே கோடையில் இரவு எட்டு மணி என்றால் இங்கே விடிய ஐந்தரை. அதனால் விடியப் பார்க்கும் முதல் செய்திகள் அவர்களுடையவையாக இருக்கட்டும். கொடுத்தபின் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், அம்மாவிடம் கேட்டுவிட்டு. காசு கொடுத்தவருக்கு வேண்டியது அந்தப் படம்தான்.

காசும் பார்சலும்

பழகிய ஊருக்குள் கையில் காசு வாங்கலாம். தூரத்து ஓடருக்கு வங்கி மாற்றலோ, பொருள் கொடுத்தபின் காசு எடுத்துத்தரும் கூரியர் முறையோ நல்லது. இரண்டாவதில் கூரியர் தன் கட்டணத்தைக் கழித்து, சில நாள் கழித்தே காசைத் தரும். கையில் முதல் குறைந்தவர் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். கேக், தையல், மணவறை போல ஆளுக்கென்று செய்யும் வேலைக்குப் பாதியாவது முன்பணம் வாங்காமல் தொடங்க வேண்டாம். கடை வைத்திருப்பவர்கள் வங்கியில் கேட்டு லங்காகியூஆர் அட்டை எடுத்துவிடுங்கள். எந்த வங்கியின் செயலியிலிருந்தும் அந்த ஒரே படத்துக்குக் காசு அனுப்பலாம்.

ஏ9 வீதியில் ஓடும் பஸ்ஸில் நடத்துநரிடம் பார்சல் கொடுத்துவிடுவது இன்னும் நடக்கிற வழி, வேகமும்கூட. அப்படி அனுப்பினால் பஸ்ஸின் இலக்கத்தகட்டையும் நடத்துநரின் போன் இலக்கத்தையும் எழுதி எடுத்து, வெளிக்கிட்ட நேரத்தோடு வாங்குபவருக்கு அனுப்புங்கள். தயிர்ச் சட்டியை வெயில் நேரப் பஸ்ஸில் ஏற்ற வேண்டாம்.

வங்கிச் சிலிப் படத்தை நம்பிப் பொருளை அனுப்பாதீர்கள். போனிலேயே சிலிப்பைத் திருத்தி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் வங்கிச் செயலியைத் திறந்து, காசு கணக்கில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். “கூடுதலாக அனுப்பிவிட்டேன், மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்கள்” என்று அவசரப்படுத்தினாலும் இதே சோதனைதான். எஸ்.எம்.எஸ்ஸில் வரும் ஆறு இலக்கக் குறியீட்டை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது, சொந்தத் தம்பியின் இலக்கத்திலிருந்து கேட்டாலும். அவருடைய கணக்கு ஏற்கெனவே பறிபோய் இருக்கலாம். “உங்கள் பக்கம் மூடப்படப்போகிறது, இந்த இணைப்பை அழுத்துங்கள்” என்று மெட்டாவின் பெயரில் மெசெஞ்சருக்கு வருவதும் பொறிதான். இன்றைக்கே வட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும் இரட்டைச் சரிபார்ப்பை (கணக்குக்குள் நுழைய இரண்டாவது பூட்டு) போடுங்கள். கணக்குப் பறிபோனால் இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரச நிறுவனமான இலங்கை சேர்ட்டின் 101 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

பெண்கள் நடத்தும் பக்கங்கள்

வன்னியில் வீட்டிலிருந்து தொழில் செய்பவர்களில் பெண்கள் நிறையப் பேர், தனியாகக் குடும்பத்தைத் தாங்குகிறவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு வரும் தொல்லை வேறு. “சாப்பிட்டீங்களா” என்று தொடங்கும் இரவுச் செய்திகள், வீடியோ அழைப்பு, அசிங்கமான கொமென்ட். இதற்குப் பயந்து பக்கத்தையே மூடியவர்கள் இருக்கிறார்கள். அது அநியாயம். தடுக்க வழிகள் உண்டு.

சொந்தப் படத்துக்குப் பதில் பொருளின் படத்தை முகப்பில் வையுங்கள். “கடைசியாகப் பார்த்த நேரம்” தெரியாதபடி மறையுங்கள். பேஸ்புக் பக்க அமைப்பில் சில சொற்களைக் குறித்து வைத்தால் அந்தச் சொல்லுள்ள கொமென்ட் தானாக மறையும். தூஷணச் சொற்களை அங்கே எழுதி வைக்கக் கூச்சப்பட வேண்டாம். வீட்டு முகவரியை முழுதாகப் போடாமல், பொருளை ஒப்படைக்கச் சந்தியில் உள்ள தெரிந்த கடை ஒன்றைச் சொல்லுங்கள். வியாபாரம் அல்லாத செய்திக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை, ஸ்கிரீன்சொட் எடுத்து வைத்துவிட்டு உடனே தடை செய்யுங்கள். மிரட்டல் என்றால் அந்த ஸ்கிரீன்சொட்தான் பொலிஸில் சாட்சி.

அதேபோல வாடிக்கையாளரின் மானத்தையும் நாங்கள் காக்க வேண்டும். பிளவுஸ் போட்டுப் பார்த்த பெண்ணின் படத்தை, மணமகளின் படத்தை, அவர் சம்மதம் எழுத்தில் தராமல் போடக் கூடாது. தலையை வெட்டிப் போட்டாலும் ஊரில் ஆளை அடையாளம் காண்பார்கள்.

முறைப்பாடு வந்தால்

வரும். தேனில் மெழுகு மிதந்தது, சட்டை இறுகிவிட்டது, பார்சல் ஐந்து நாளாக வரவில்லை. கொமென்டில் ஒருவர் கோபமாக எழுதினால் அழிக்காதீர்கள். அழித்தால் அவர் ஸ்கிரீன்சொட்டோடு பத்துக் குரூப்பில் போடுவார். எல்லோரும் பார்க்கும்படி ஒரே ஒரு பதில் எழுதுங்கள்: “மன்னிக்க வேண்டும் அண்ணா. பார்சல் எங்கே நிற்கிறது என்று இப்போதே விசாரிக்கிறேன். இன்று மாலை 6 மணிக்குள் உங்களுக்கு அழைக்கிறேன்.” பிறகு பேச்சைத் தனிச் செய்திக்குக் கொண்டுபோங்கள். ஆறு மணிக்கு, விபரம் எதுவும் கிடைக்கவில்லை என்றாலும் அழையுங்கள். கூரியர்காரரைக் குறை சொல்லித் தப்பப் பார்க்க வேண்டாம். அவரைத் தெரிவு செய்தது நீங்கள்தான்.

பிழை உங்களுடையது என்றால் பொருளை மாற்றிக் கொடுங்கள் அல்லது காசைத் திருப்புங்கள், திருப்பி அனுப்பும் கூலியையும் நீங்களே ஏற்றுக்கொண்டு. விடயம் தீர்ந்தபின் அதே கொமென்டின் கீழ் “தீர்த்துக் கொடுத்துவிட்டோம்” என்று எழுதுங்கள், புதிதாக வருகிறவர் அதைப் படிப்பார். பிழை உங்களுடையது இல்லையென்றால் ஒரு தடவை ஆதாரத்தோடு விளக்கி நிறுத்துங்கள். அயலவர், சாதி, இயக்கம், கட்சி என்று பேச்சு திரும்பினால் ஒரு சொல்லும் எழுதக் கூடாது. வாங்குபவர் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு முறையிட முடியும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். லேபலில் பொருளின் பெயர், நிறை, விலை, செய்த திகதி, முடியும் திகதி, உங்கள் முகவரி எல்லாம் சரியாக இருந்தால் அதற்குப் பயப்பட ஒன்றுமில்லை.

தொழில் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியலாம். உணவு செய்பவர்கள் தங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை முன்கூட்டியே போய்ச் சந்தியுங்கள். பதிவு இருந்தால் தொழில் பெயரில் வங்கிக் கணக்கும் திறக்கலாம், தெரியாத ஆளும் தயங்காமல் காசு போடுவார்.

காசு கொடுத்து விளம்பரம்

காசு கட்டி ஒரு பதிவை இன்னும் பலருக்குக் காட்டும் பேஸ்புக்கின் பூஸ்ட் பொத்தானை முதல் இரண்டு மாதம் தொட வேண்டாம். காசு கொடுக்காமலே நான்கு பேர் விலை கேட்ட பதிவு எது என்று பாருங்கள், அதை மட்டும் பூஸ்ட் செய்யுங்கள். இடத்தைத் தெரிவு செய்யும்போது “இலங்கை முழுதும்” என்று விட்டால் மாத்தறையில் இருப்பவருக்கும் கிளிநொச்சி எருமைத் தயிர் காட்டப்படும். நீங்கள் பொருள் கொண்டுபோய்க் கொடுக்கக்கூடிய நகரங்களை மட்டும் குறியுங்கள். மூன்று நாளைக்குச் சிறிய தொகை, முடிவுத் திகதி கட்டாயம். அது குறிக்காமல் விட்டால் கார்டிலிருந்து காசு போய்க்கொண்டே இருக்கும். கடன் எடுத்து விளம்பரம் செய்யவே வேண்டாம். நுண்கடன் இந்த மண்ணில் எத்தனை குடும்பங்களை அழுத்தியது என்பது எல்லோரும் கண்டது.

லைக் எத்தனை என்று எண்ணிக்கொண்டிருக்காமல் ஒரு கொப்பி வையுங்கள். ஒவ்வொரு ஓடருக்கும் திகதி, ஆள், ஊர், பொருள், காசு, எப்படி எங்களை அறிந்தார் என்று ஒரு வரி. கடைசி நிரலுக்காக ஒவ்வொரு புதியவரிடமும் “எங்களை எங்கே பார்த்தீங்கள்?” என்று கேட்க வேண்டும். மாத முடிவில் எண்ணுங்கள். டிக்டொக்கில் ஆயிரம் பேர் பார்த்தும் ஓடர் இல்லை, வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் நாற்பது பேர் பார்த்து ஆறு ஓடர் என்றால் அடுத்த மாத நேரத்தை எங்கே போடுவது என்று கொப்பியே காட்டும். இரண்டாவது தடவை வாங்கியவர்களின் பெயரை வட்டமிடுங்கள். அடுத்த புது அரிசியோ புதுத் தேனோ வரும்போது, ஸ்டேட்டஸில் போடுவதற்கு முதல் நாளே அவர்களுக்குத் தனியாகச் செய்தி போகட்டும்.